மிருக உடுப்புக்குக் கால் வைக்கிற வேலை

மிருக வேஷ உடுப்பு தைப்பவர்கள் கூடிக் கதைத்தால் பேச்சு முழுக்கத் தலையைச் சுற்றித்தான். கண் எப்படி, வாய் திறக்குமா, காது ஆடுமா. எனக்கு அதில் அவ்வளவு அக்கறை இல்லை. தலை எவ்வளவு வடிவாக இருந்தாலும் கீழே இரண்டு மனுசக் கால் நேராக நின்றால், பள்ளிக்கூட வினோத உடைப் போட்டிக்கு வந்த பிள்ளை மாதிரித்தான் இருக்கும்.

திருகோணமலையில் இருக்கிறவர்கள் இதைப் படிக்கப் புத்தகம் தேடத் தேவையில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் திரிகிற புள்ளிமானின் பின்னங்காலைப் பாருங்கள். பாதி உயரத்தில் பின்பக்கமாகத் தள்ளி நிற்கிற மூட்டை முழங்கால் என்று நினைப்போம், உண்மையில் எங்களுக்குக் குதிகால் இருக்கிற இடம் அது. முழங்கால் மேலே வயிற்றுக்குக் கிட்ட இருக்கிறது, எங்களுடையதைப் போல முன்னுக்கு நீட்டிக்கொண்டு. நாயும் பூனையும் நரியும் விரலில் நடக்கும், மான் விரல் நுனியில், குளம்பில் நிற்கும். கரடி எங்களைப் போல முழு உள்ளங்காலையும் ஊன்றி நடக்கும் (கரடி ஓடர் வந்தால் எனக்குக் கொண்டாட்டம், காலில் பெரிய வேலை இல்லை).

உள்ளே இருக்கிற ஆளின் கால் நேராகத்தான் நிற்கப்போகிறது, அதனால் வெளியே கண்ணை ஏமாற்ற வேண்டும். தொடையின் முன்பக்கமும் வெளிப்பக்கமும் நல்லாய்ப் பஞ்சு வைத்து, கெண்டைக்காலின் பின்பக்கம் ஒரு முனை தள்ளிக்கொண்டு வருகிற மாதிரி அடைக்கிறேன், அந்த முனைதான் பொய்க் குதிகால். அதற்குக் கீழே கணுக்காலைச் சுற்றி ஒன்றும் வைக்கக் கூடாது, முழங்காலுக்குக் கீழே முன்பக்கமும் வெறுமையாகத்தான் இருக்க வேண்டும், அந்த வெறுமையால்தான் மற்ற இடம் வளைவாகத் தெரிகிறது. முழங்கால் மடிப்புக்குப் பின்னால் பஞ்சு போனால் ஆள் கதிரையில் இருக்க ஏலாது. தொடையின் உள்பக்கம் தடித்தால் நடக்க நடக்க உரசி முடியெல்லாம் சிக்குப்பட்டுவிடும்.

சிலர் பஞ்சை உடுப்போடு சேர்த்தே தைத்துவிடுகிறார்கள். நான் மாட்டேன். இழுபடுகிற துணியில் ஒரு லெகிங்ஸ், அதன் மேல் பைகள் தைத்து பொலியெஸ்டர் பஞ்சு அடைத்துத் தனியாகக் கொடுப்பேன். எங்கள் ஊர் வெயிலில் கொஞ்ச நேரம் போட்டாலே வியர்வை ஊறிவிடும், தனியாக இருந்தால் கழற்றித் தோய்க்கலாம். ஸ்பொஞ்ச் போட்டால் வடிவு கலையாது, ஆனால் தண்ணீர் குடித்துவிட்டு மார்கழி மழைக்குள் லேசில் காயாது.

அளவு எடுக்கிற முறை தெரிந்திருக்கும்: போடப்போகிற ஆள் பழைய உடுப்போடு நிற்க, அதன் மேல் கிளிங் ராப் (சாப்பாடு மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக்), அதன் மேல் டக்ட் டேப், அப்புறம் வெட்டிக் கழற்றி அதையே மாதிரியாக வைப்பது. வெளிநாட்டில் இருந்து வருகிற மாதிரிகள் பெரும்பாலும் வெறும் காலில் சுற்றினவைதான். பஞ்சு வைத்த காலுக்குத் துணி கூட வேண்டும், ஆகவே முதலில் லெகிங்ஸைத் தைத்து அனுப்பி, அதைப் போட்டுக்கொண்டு, சப்பாத்தோடு நின்று சுற்றச் சொல்கிறேன். தபால் செலவு கூடத்தான், ஆனால் தைத்த முடித்துணியை (மிருக முடி மாதிரிச் செய்த துணி) பிரிக்கிற வேலைக்கு அது பரவாயில்லை.

முடித்துணியைக் கத்தரிக்கோலால் வெட்டினால் முடி நுனி சப்பையாகிவிடும். பின்பக்கம் திருப்பி, பிளேட்டால் அடித்துணியை மட்டும் கீறிப் பிரிக்க வேண்டும். முடி சரிகிற திசை இடுப்பில் இருந்து கீழ்நோக்கி வர வேண்டும், ஒரு துண்டு தலைகீழானாலும் நிறம் மாறின மாதிரித் தெரியும். தைக்கும்போது முடியை உள்ளுக்குத் தள்ளித் தைத்து, பிறகு தையலுக்குள் அகப்பட்டதை ஊசியால் இழுத்துவிட்டுச் சீவினால் பொருத்து எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

கொடுக்கிற நேரம் எல்லாரும் கேட்பார்கள், "கசங்கியிருக்குது தம்பி, ஒருக்கா அயன் பண்ணித் தாங்கோவன்" என்று. ஐயோ அக்கா, அது அக்ரிலிக், சூடு பட்டால் சுருண்டு உருகிவிடும். நாய்க்குச் சீவுகிற கம்பி பிரஷ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், போதும்.