பாதியில் நின்றவர்களின் பட்டியல்

எங்கள் ஆய்வுக் குழுவில் எல்லோரும் அக்கா என்றே அழைத்த மூத்த சக ஊழியர் சிறுநீரக நோயால் மறைந்து, வரும் ஆடியோடு ஓராண்டு ஆகிறது. கைப்பேசி வழியாகத் தரப்படும் மனநல உதவி இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் யாருக்குப் பயன்படுகிறது என்பதே எங்கள் ஆய்வு. வினாக்களைத் தமிழாக்குவதும், பாம்பன் சின்னப்பாலத்தில் வீடு வீடாகச் சென்று பேசுவதும் அவர் பொறுப்பில் இருந்தன.

நாங்கள் பயன்படுத்திய பிஎச்க்யூ-9 என்னும் மனச்சோர்வு வினாப்பட்டியல் 2001-இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 6 அன்றுதான் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்து, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் மாண்டார்கள். அக்காவுக்குச் சொந்த ஊர் அருகிலுள்ள கீழக்கரை. அந்தத் தீதான் அவரை இந்தத் துறைக்கு அழைத்து வந்திருக்கும் என்று நானாக எண்ணிக்கொண்டு ஒருமுறை கேட்டேன். “அதெல்லாம் இல்ல தம்பி, வேலை கிடைச்சது, வந்தேன்” என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார்.

அந்தப் பட்டியல் கடந்த 2 வாரங்களைப் பற்றிக் கேட்கிறது. கடற்பாசி எடுக்கும் பெண்கள் வாரக் கணக்கில் நாள்களை எண்ணுவதில்லை என்பதைக் கண்டுகொண்டு, “போன அமாவாசையிலிருந்து இந்தப் பௌர்ணமி வரைக்கும்” என்று கேட்கத் தொடங்கியவர் அவர்தான். நான் முதலில் எழுதிய வரைவில் ‘ஆர்வமோ இன்பமோ குன்றுதல்’ என்றிருந்தது. அதைக் கேட்ட ஒரு பாட்டி, இன்பம் என்ற சொல்லைக் கல்யாணப் பத்திரிகையில்தான் பார்த்திருப்பதாகச் சொல்லிச் சிரித்தார்.

இன்னொரு நாள் என் கண்முன் நடந்தது இது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பாசி பறித்துப் பறித்து நுனி காய்த்துப்போன ஒரு பெண், கைப்பேசித் திரையை நான்கு முறை தொட்டும் பதில் பதிவாகவில்லை. ரேஷன் கடையிலும் தன் ரேகை விழுவதில்லை என்றார் அவர். அக்கா அவருடைய விரலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மறுபடியும் தொடச் சொன்னார். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்ததா என்று கேட்கும் ஒன்பதாம் வினா வந்ததும், கைப்பேசிக்கு உரிமையாளனான மகனை ஐஸ் வாங்கிவர அனுப்பிவிட்டார். வீட்டுக்கு ஒரே கைப்பேசி இருக்கும் இடத்தில் அந்தரங்கம் என்பதை வேறு எப்படி உண்டாக்க முடியும்?

பாதியில் நின்றுபோன பதில்களை ஒருமுறை நான் கோப்பிலிருந்து நீக்கிவிட்டேன். இணையவழி உதவியைத் தொடங்குவோரில் பலர் இடையிலேயே விலகிவிடுகிறார்கள், அந்த விலகலையே ஆராய வேண்டும் என்று இணையவழி மருத்துவ ஆய்வாளர் குந்தர் ஐசன்பாக் 2005-இல் எழுதிய கட்டுரையை எனக்குப் படிக்கக் கொடுத்தவரே அக்காதான் என்பதால், அவர் கோபத்துக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு கோடு போட்ட நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். விலகிய ஒவ்வொருவருடைய எண்ணுக்கும் எதிரே, நேரில் போய்க் கேட்டறிந்த காரணத்தை எழுதியிருந்தார்: “மகன் திருப்பூர் போனான், போனும் போனது.” “ரீசார்ஜ் தீர்ந்தது.” “நல்லாகிவிட்டது, அதனால் விட்டேன்.”

அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. மூன்று எண்களுக்கு எதிரே மட்டும் காரணம் எழுதப்படாமல் இருந்தது. அவற்றில் இரண்டு வீடுகளுக்குப் போய்வந்துவிட்டேன். மூன்றாவது வீடு தங்கச்சிமடத்தில் இருக்கிறது.