மழைமானியும் மின்னல் சென்சாரும்: வேலை எதுவரை வந்திருக்கிறது

எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து, கனமழையையும் மின்னலையும் கவனித்து எச்சரிக்கும் சிறு கருவி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம். கருவியின் மூளையாக வைஃபை வசதியுள்ள ஈஎஸ்பி32 போர்டு, ஏஎஸ்3935 மின்னல் சென்சார், காற்றழுத்தத்துக்கு பிஎம்இ280, அப்புறம் ஒரு டிப்பிங் பக்கெட் மழைமானி (இரு பக்கமுள்ள குட்டி வாளி மாறி மாறி நிரம்பிக் கவிழ்வதை எண்ணி மழையை அளப்பது). கோடிங் சீக்கிரமே முடிந்துவிட்டது. பெரும்பாலான நேரத்தை எடுத்துக்கொண்டது மழைமானிதான்.

புனலின் விட்டம் 16 செ.மீ. அதன் பரப்பில் 1 மி.மீ. மழை விழுந்தால் ஏறத்தாழ 20 மி.லி. நீர் உள்ளே வரும். பக்கெட்டின் ஒரு பக்கம் 4 மி.லி. நிரம்பியதும் கவிழ்கிறது, அதாவது ஒரு கவிழ்ப்புக்கு 0.2 மி.மீ. மழை. கவிழும்போது அதிலுள்ள காந்தம் ரீட் ஸ்விட்சை (காந்தம் அருகே வந்தால் இணையும் ஸ்விட்ச்) கடக்க, அதை போர்டு எண்ணிக்கொள்கிறது. ஸ்விட்சின் தகடுகள் அதிர்வதால் ஒரே கவிழ்ப்பு இரண்டு மூன்றாகப் பதிவாகும். அதனால் ஒரு பல்ஸ் வந்ததும் அடுத்த 100 மில்லி விநாடிக்கு வருவதை விட்டுவிடச் சொன்னோம்.

சரி, எண்ணிக்கை சரியா? அடியில் துளையிட்ட பாட்டிலிலிருந்து ஒரு லிட்டர் நீரைச் சொட்டவிட்டுப் பார்த்தோம். ஏறத்தாழ 250 கவிழ்ப்புகள் வர வேண்டும். மெதுவாக விட்டால் அதையொட்டியே வருகிறது. துளையைப் பெரிதாக்கினால் எண்ணிக்கை குறைகிறது. பக்கெட் கவிழ்ந்துகொண்டிருக்கும் கண நேரத்திலும் நீர் நிரம்பிய பக்கத்திலேயே விழுந்து, கணக்கில் சேராமல் வெளியேறிவிடுகிறது. மணிக்கு 100 மி.மீ. மழையில் ஏழு விநாடிக்கு ஒரு முறை கவிழும் என்பதால் இந்த இழப்பு கூடிக்கொண்டே போகும். எந்த மழைக்காக இந்தக் கருவியைச் செய்கிறோமோ, அந்த மழையைத்தான் அது குறைத்துக் காட்டுகிறது! இப்போது இரண்டு கவிழ்ப்புகளுக்கு இடையிலான நேரம் குறையக் குறைய, ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் சற்று அதிக மழையைக் கணக்கிடும் திருத்த அட்டவணை ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். வெவ்வேறு வேகங்களில் நீர் விட்டு, அந்த எண்களை நாங்களே எடுத்தோம்.

மின்னல் சென்சார் 500 கிலோஹெர்ட்ஸ் அருகே வரும் ரேடியோ அலைகளைக் கேட்டு, 40 கி.மீ. வரை இடிமேகத்தின் முன்விளிம்பு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணிக்கிறது. இடிச்சத்தம் அவ்வளவு தூரத்திலிருந்து கேட்காது. கேட்கும் தூரத்துக்கு வந்துவிட்டாலே மின்னல் தாக்கும் அபாயம் உண்டு. அதனால்தான் இந்தச் சென்சார் வேண்டும் என்று நின்றோம். ஆனால் மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுச் செலுத்தும் ஸ்விட்சிங் முறை பவர் சப்ளை பக்கத்தில் இருந்தால், அதன் மின் இரைச்சலில் சென்சார் தடுமாறுகிறது. பேட்டரியும், அப்படி விட்டு விட்டுச் செலுத்தாத லீனியர் ரெகுலேட்டரும் கொடுத்து, தகவல் அனுப்பும்போது மட்டும் வைஃபையைத் திறந்த பிறகு அமைதியானது.

பிஎம்இ280 பற்றிச் சொல்ல அதிகமில்லை. அழுத்தத்தின் அளவைவிட அது எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைத்தான் பார்க்கிறோம்.

நான் விடாப்பிடியாகக் கேட்டுச் சேர்த்தது ஒன்று உண்டு. கருவி பேசாமல் இருந்தால், வானம் தெளிவாக இருக்கிறதா, பேட்டரி தீர்ந்துவிட்டதா? பார்ப்பவருக்குத் தெரியாது. எனவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேலை செய்வதாக ஒரு தகவல் அனுப்பும். அது தொடர்ந்து வராவிட்டால் திரையில் 'தகவல் இல்லை' என்று சிவப்பில் வரும். பழைய அளவு அங்கே நிற்காது.

அடுத்து, கையால் அளக்கும் சாதாரண மழைமானி ஒன்றின் அருகே திறந்த வெளியில் நிறுவி, திருத்த அட்டவணை நிஜ மழையில் எவ்வளவு பொருந்துகிறது என்று ஒப்பிடப் போகிறோம்.