ஒரு 'தானே'

"கப்பல்ல வரக்குள்ளயே சிவந்திருக்கும்தானே, தம்பி?"

அண்ணன் கேட்டது இவ்வளவுதான். அதிகாலை மூன்றேகால் மணி இருக்கும். நான் "இருக்கும்" என்றேன். அதற்குப் பிறகு அன்று முழுவதும் இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

சிவந்தது ஒரு ஸ்டிக்கர். தீப்பெட்டி அளவுதான். நடுவில் ஒரு சின்னக் குழாய் இருக்கும். சரக்கு குறிப்பிட்ட அளவுக்கு மேல் அதிர்ந்தால் அது சிவப்பாகிவிடும், பிறகு வெள்ளையாகாது. எப்போது சிவந்தது, யார் கையில் இருந்தபோது சிவந்தது என்பதையெல்லாம் அது சொல்லாது. மணி, நிமிடத்தோடு பதிந்து வைக்கும் கருவிகளும் இருக்கின்றன. எங்கள் சரக்கில் அது பூட்டப்படவில்லை. சிவந்திருந்தால் சரக்கை மறுக்க வேண்டாம், பற்றுச்சீட்டில் குறித்துவிட்டுப் பிரித்துப் பாருங்கள் என்றுதான் இந்த மாதிரி ஸ்டிக்கர்களில் அச்சடித்திருப்பார்கள். ஆக, உள்ளதை எழுதினால் யாரும் தூக்கில் போடப்போவதில்லை. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை கொடுக்கிற இயந்திரம்தான் லினாக். அதைத் தூக்குகிற வேலை எங்களுக்குப் புதிதில்லை. அதைத் தாங்கி நிற்கிற ஸ்டாண்டும், நோயாளியைச் சுற்றிச் சுழல்கிற கான்ட்ரியும் சேர்ந்தால் ஆறேழு தொன் வரும். துறைமுகத்தில் அதைவிடப் பெரிய பாரத்தோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியவர் அண்ணன். ஆனால் துறைமுகத்தில் மேலே வானம் இருக்கிறது, கிரேன் இருக்கிறது. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் கூரை தலையில் இடிக்கும். ஸ்கேட் சில்லுகளின் மேல் ஏற்றி, முன்னால் இழுத்து, பின்னால் செயின் புளொக்கில் பிடித்து, அங்குலம் அங்குலமாகத்தான் போக வேண்டும். சரிவுப் பாதை, நடைபாதை, அப்புறம் கதிர் நேராக வெளியே வராமலிருக்க வளைத்துக் கட்டிய அந்தக் குறுகலான வழி. அதையும் தாண்டினால் பங்கர். (கதிர்ச்சிகிச்சை அறையை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எங்கள் குழுவில் வன்னியிலிருந்து வந்த பையன் ஒருவன் முதல் நாள் அந்தச் சொல்லைக் கேட்டதும் சிரித்துவிட்டு, "அண்ணை, இதுக்குள்ள லைட் எல்லாம் இருக்கே" என்றான். நான் சிரிக்கவில்லை.)

பங்கரின் சுவர் இரண்டு மீற்றர் கொங்கிறீட். அவ்வளவு பாரம் பழைய கட்டடத்தோடு ஒட்டி நின்றால், ஒன்று இறங்கும்போது மற்றதையும் இழுத்து வெடிக்கச் செய்யும். அதனால் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி விட்டுக் கட்டுவார்கள். மேலே அலுமினியப் பட்டி போட்டு மறைத்திருக்கும். நோயாளியின் சக்கர நாற்காலி அதைத் தாண்டுவது தெரியவே தெரியாது. ஆறு தொன்னைச் சுமக்கிற சின்னச் சில்லுக்குத் தெரியும்.

அண்ணன் அந்த இடத்தில் நிறுத்தினார். "தகடு போடுவமா தம்பி?" என்றார். எங்களிடம் இருந்தது எட்டு இரும்புத் தகடுதான். எட்டும் முன்னால், வளைவில் விரித்திருந்தது. இரண்டைக் கழற்றிக் கொண்டுவந்து போட்டு, தாண்டிய பிறகு மறுபடியும் கொண்டுபோய் விரிக்க வேண்டும். முக்கால் மணித்தியாலம் போகும். விடிவதற்குள் நடைபாதையைத் துப்புரவாக விட்டுவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஆறு மணிக்கெல்லாம் நோயாளிகள் வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

நான் சொன்னது: "சின்ன இடைவெளிதானே அண்ணே, மெதுவாப் போகலாம்."

"ஹெமின், ஹெமின்" (மெதுவாக, மெதுவாக) என்று பையன்களுக்குச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இழுத்தார். இடப்பக்க முன் சில்லு இறங்கியது. 'டக்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. யாரோ "இன்ன, இன்ன!" (நில்லுங்கள், நில்லுங்கள்) என்று கத்தினார்கள். ஜாக் வைத்து உயர்த்தி, பத்தே நிமிடத்தில் தாண்டிவிட்டோம். உள்ளே கொண்டுபோய் நிறுத்தி டோர்ச் அடித்துப் பார்த்தபோதுதான் ஸ்டிக்கர் சிவப்பாக இருந்தது. அப்போதுதான் அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

உண்மையிலேயே கப்பலில் சிவந்திருக்கலாம். சும்மா சொல்லவில்லை. கண்டெய்னரைத் திறந்தபோது நான் ஏழு போட்டோ எடுத்தேன். அந்தப் பக்கத்துப் போட்டோவில் ஸ்டிக்கர் இருக்கிறது, ஆனால் குழாயின் மேல் வெயில் பட்டு வெள்ளைவெளேரென்று தெறிக்கிறது. வெள்ளை என்றும் சொல்லலாம், தெரியவில்லை என்றும் சொல்லலாம். எத்தனையோ தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். கடலில் வாரக்கணக்கில் கிடந்து, துறைமுகத்தில் ஏற்றி இறக்கி வந்த சரக்கு. ஒரு சில்லு ஓர் இடைவெளியில் இறங்கியதால்தான் சிவந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

நான் எழுதியது இதுதான்: 'பங்கருக்குள் வைத்துப் பரிசோதித்தபோது அதிர்வுக்காட்டி சிவந்திருந்தது.' இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொருத்த வந்த வெளிநாட்டு இன்ஜினியர் துறைமுகப் போட்டோவைக் கேட்டார். காட்டினேன். "தெளிவாக இல்லையே" என்றார். "இல்லை" என்றேன். அதுவும் பொய்யில்லை. மூடிகளைக் கழற்றி ஒரு முழு நாள் பார்த்தார், குறை எதுவும் கிடைக்கவில்லை. பிறகு வாரக்கணக்கில் அளவெடுத்தார்கள். கான்ட்ரி சுற்றும்போது மையம் ஒரு மில்லிமீற்றருக்குள் நிற்க வேண்டும், நின்றது. கதிரின் அளவும் சரியாக வந்தது. பிறகென்ன?

இந்த இடத்தில் நான் வழக்கமாக ஜெனீவாவுக்குப் போய்விடுவேன். மனதால்தான். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், அங்கே செர்ன் என்கிற ஆராய்ச்சி நிலையம் அணுத்துகள்களை மோதவிட நிலத்தடியில் கட்டிய எல்.எச்.சி. இயந்திரத்தின் சுரங்கத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 27 கிலோமீற்றர் வட்டம். 1,232 இருமுனைக் காந்தங்கள், ஒவ்வொன்றும் 15 மீற்றர் நீளம், சுமார் 35 தொன். 2005 மார்ச்சில் முதலாவதை இறக்கி, 2007 ஏப்ரலில்தான் கடைசியை இறக்கி முடித்தார்கள். அத்தனையும் ஒரே ஒரு குழி வழியாக. கீழே வண்டிகள் தரையில் வரைந்த கோட்டைத் தாமே பார்த்துக்கொண்டு மணிக்கு 3 கிலோமீற்றர் வேகத்தில் போகும். நாம் காலிமுகத்திடலில் காற்று வாங்கிக்கொண்டு நடப்பது இதைவிட வேகம். காந்தத்தின் உள்ளுடல் மூன்று கண்ணாடியிழைக் கால்களின் மேல்தான் நிற்கிறது. வழியில் குலுக்கக்கூடாது. அவ்வளவு கவனமாகக் கொண்டுபோனார்கள். கடைசியில் 2008 செப்டம்பர் 19ஆம் திகதி அந்த இயந்திரம் படுத்தது எதனால்? இரண்டு காந்தங்களுக்கு நடுவிலிருந்த ஒரு மின் இணைப்பால். காந்தங்களைக் குளிர வைக்கிற ஹீலியம் தொன்கணக்கில் வெளியேறியது. 53 காந்தங்களை மறுபடியும் மேலே கொண்டுவர வேண்டியதாயிற்று. தூக்கிக்கொண்டு போனவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை.

இதைச் சொல்லிச் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நடுவிலிருந்த ஒரு சின்ன இணைப்புத்தான் என்பதை நினைக்கும்போது தேறுதல் பாதியில் நின்றுவிடுகிறது.

எட்டு மாதம் கழித்து அந்த லினாக் இரண்டு நாள் நின்றுபோனது. கதிரை வடிவமைக்கிற தகடுகளில் ஒன்றின் மோட்டார் போய்விட்டது என்று அங்கே வேலை செய்யும் பௌதிகவியலாளர் ஒருவர் சொன்னார். "அது தேய்கிற சாமான், எல்லா மெஷினிலும் போகும்" என்றார். கேட்டதும் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அந்த இரண்டு நாளும் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று நான் கேட்கவில்லை. வாரத்தில் ஐந்து நாளாக, ஐந்தாறு வாரம் விடாமல் எடுக்க வேண்டிய சிகிச்சை அது. இடையில் விடக்கூடாது. மோட்டாருக்கும் அந்த 'டக்'குக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் விடவில்லை.

ஆனால் என்னை அரிப்பது இயந்திரம்கூட இல்லை. அந்த 'தானே'தான். முதலில் அண்ணன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கேட்டார் என்று நினைத்தேன். பையன்களுக்கு நாட்கூலி, கொம்பனியில் வெட்டினால் முதலில் வெட்டுவது அவர்களைத்தான். பாவம், கேட்டிருப்பார் என்று மனதுக்குள் கொஞ்சம் பெருந்தன்மைகூட வந்தது. மாதக்கணக்கான பிறகுதான், ஒரு நாள் பல் விளக்கும்போது, சட்டென்று வேறு மாதிரி பட்டது. தகடு போடுவமா என்று கேட்டவர் அவர். வேண்டாம் என்றவன் நான். அப்படியிருக்க அவர் யாரைக் காப்பாற்றக் கேட்டிருப்பார்? என் வாயிலிருந்து வந்த 'தானே'யை அப்படியே திருப்பி என் கையில் தந்தாரா? அல்லது இது நானாகக் கட்டிய கதையா, அவருக்கு அந்த நேரத்தில் தூக்கம்தான் வந்துகொண்டிருந்ததா?

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வாசலில் அண்ணனைக் கண்டேன். வேலையை விட்டுவிட்டார், முழங்கால் சரியில்லை. கையில் மெழுகுதிரிப் பொட்டலம். வீட்டு விசயம், மகளின் விசயம், பெற்றோல் விலை என்று பேசினோம். கேட்டுவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன்.

அவரே கேட்டார். "அந்த மெஷின் ஓடுதா?"

"ஓடுது அண்ணே. நல்லா ஓடுது."

தலையை ஆட்டினார். பஸ் வந்துகொண்டிருந்தது. ஏறப்போகிறவர் திரும்பி, "தகடு இன்னும் எட்டுத்தானா, தம்பி?" என்றார்.

பன்னிரண்டு என்றேன். பஸ் இரைச்சலில் கேட்டதோ என்னவோ.