திரும்பப் போடவில்லை

சார் போய்விட்டார் என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது மஸ்கட்டில் குழாய்களின் வெல்டிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அவர் நினைவு மலருக்கு எழுதச் சொன்னதும் மனதில் வந்தது அவருடைய பிளஸ் டூ கணக்கு வகுப்பும் அந்தப் பத்து அண்டியும்தான். எங்கள் ஊரில் அண்டி என்றால் முந்திரிக்கொட்டை.

அரையாண்டுத் தாள் கொடுத்த நாள். பத்து அண்டியில் மூன்று சொத்தை. நான்கை எடுத்தால் சரியாக இரண்டு சொத்தையாக இருக்க நிகழ்தகவு என்ன? யோசிக்காமல் ஈருறுப்புப் பரவல் சூத்திரத்தில் போட்டு 0.2646 என்று எழுதியிருந்தேன். சைபர் மார்க். சார் என்னை முன்னால் கூப்பிட்டார். பத்து அண்டியை மேசையில் பரப்பி, மூன்றில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு துணிப் பையில் போட்டுக் குலுக்கினார்.

“கண்ண மூடி ஒண்ணு எடு.” எடுத்தேன். கோடு இல்லை.

“திரும்பப் போட்டியா மக்கா?”

“இல்ல சார்.”

“அப்ப மிச்சம் எத்தன? சொத்த எத்தன?”

ஒன்பதில் மூன்று. பத்தில் மூன்றாக இருந்த வாய்ப்பு ஒரே எடுப்பில் மாறிவிட்டது. சரியான விடை 0.3. “அண்டியாபீஸ்காரி மவனுக்கு அண்டி தெரியல” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அம்மா முந்திரி ஆலையில் கொட்டையின் தோடு உடைக்கிறாள் என்பதை யாரிடமும் நான் சொன்னதில்லை. அன்று தலை நிமிரவே இல்லை.

ஈருறுப்புச் சூத்திரத்தைப் போடும் முன் சார் கேட்கச் சொன்னவை நான்கு கேள்விகள். முயற்சிகள் எத்தனை என்று முன்பே தெரியுமா? ஒவ்வொன்றிலும் வெற்றி, தோல்வி என இரண்டே முடிவா? ஒன்றின் முடிவு இன்னொன்றைத் தொடாமல் இருக்கிறதா? வெற்றி வாய்ப்பு கடைசிவரை மாறாததா? ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் அந்தச் சூத்திரம் கூடாது.

சின்னத்துறை என்ற மீனவ ஊர்க்காரன் ஒருத்தன் கேட்டான்: பத்து வள்ளம் கடலுக்குப் போனால், எத்தனை திரும்பும் என்று இதில் கணக்கிடலாமா? சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “ஒரே கடல், ஒரே காத்து. ஒண்ண அடிச்சா மத்ததயும் அடிக்கும். தனித்தனியா எப்படி எண்ணுவ?” என்றார்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். நாங்கள் இங்கிருந்து இரவெல்லாம் ஊருக்குப் போன் போட்டோம். ஒரு படகைப் பற்றி விசாரித்தால், அதோடு போன மற்ற படகுகளைப் பற்றியும் தகவல் இல்லை என்றார்கள். சார் சொன்னதன் பொருள் அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

இப்போது 1000 குழாயில் 20 எடுத்துச் சோதிக்கிறேன். அவ்வளவு பெரிய குவியலில் எடுத்ததைத் திரும்பப் போடாவிட்டாலும் விகிதம் பெரிதாக அசையாது. ஆனால் இருபதும் ஒரே வெல்டர், ஒரே ஷிப்ட் என்றால் கையெழுத்துப் போடமாட்டேன். இந்தக் கவனம் சார் தந்தது. அதைச் சொல்ல ஒவ்வொரு லீவிலும் நினைப்பேன். திருவனந்தபுரத்தில் இறங்கி நாகர்கோவில் போகும் வழியில்தான் அவர் வீடு. திரும்பும்போது பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டே வருஷங்கள் ஓடிவிட்டன.

அந்தத் தாளில் சிவப்பு மையில் ‘திரும்பப் போடவில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தார். அம்மா அதைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாள். வீட்டை விற்றபோது பெட்டியைத் திறந்து பார்க்க நான் ஊரில் இல்லை.