ஒரே கழுகு, இரண்டு இரைகள்

உணவுக்கோ இடத்துக்கோ தம்முள் மோதாத இரண்டு விலங்குகளில் ஒன்று மற்றொன்றின் அழிவுக்குக் காரணமாக முடியுமா என்ற கேள்வி சில வாரங்களாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. முடியும் என்பதைச் சூழலியலாளர் ராபர்ட் ஹோல்ட் 1977இல் கணித வழியில் நிறுவினார். ஓர் இரை பெருகினால் அதை உண்டு வாழும் கொன்றுண்ணியும் பெருகும். பெருகிய கொன்றுண்ணியின் பசிக்கு அருகில் வாழும் மற்ற இரையும் பலியாகும். நேரடிச் சண்டை ஏதுமின்றியே ஒன்று மற்றொன்றை வெளியேற்றுவதால் இதைத் தோற்றப் போட்டி, அதாவது போட்டிபோலத் தோன்றுவது, என்கிறார்கள். வேகமாகக் குட்டி போட்டு, எளிதில் பிடிபடாமலும் இருக்கும் இரையே இதில் எஞ்சும்.

கலிபோர்னியா கடற்கரைக்கு அப்பாலுள்ள சாண்டா குரூஸ் தீவில் நடந்ததைப் படித்தபோதுதான் இந்தக் கணக்கு எனக்கு உறைத்தது. மனிதர்கள் கொண்டுவந்து விட்ட பன்றிகள் அங்கே காட்டுப் பன்றிகளாகப் பெருகியிருந்தன. 1990களில் அங்கு குடியேறிய பொன்னிறக் கழுகுகளுக்கு அவற்றின் குட்டிகள் ஆண்டு முழுவதும் இரையாயின. பன்றிகளுக்கு அந்த இழப்பு பெரிதல்ல. பூனை அளவேயான தீவு நரிகளோ வானிலிருந்து வரும் ஆபத்தை அறியாதவை, ஆயிரத்துக்கு மேல் இருந்தவை நூறுக்கும் கீழே சரிந்தன. கழுகுகளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டு, பன்றிகளையும் முற்றிலும் ஒழித்த பிறகே நரிகள் மீண்டன. 2016இல் அவை அழிவாபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

அப்படியானால் உலகெங்கும் பல இரைகள் ஒரே கொன்றுண்ணியின் கீழ் எவ்வாறு சேர்ந்து வாழ்கின்றன? ஓர் இரை அருகும்போது கொன்றுண்ணி மலிந்த இரைக்கு மாறிவிடும் என்பது வழக்கமான பதில். இந்தப் பதிலுக்கு மிகையான மதிப்புத் தரப்படுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. நரிகள் அருகிய பின்பும் கழுகுகள் அவற்றை விட்டுவைக்கவில்லை. இரைகள் ஏற்கெனவே இடத்துக்காகப் போட்டியிடும் சூழலில் கொன்றுண்ணியே காப்பாளனாவதும் உண்டு: வாஷிங்டன் மாநிலப் பாறைக் கரையில் சூழலியலாளர் ராபர்ட் பெய்ன், மட்டிகளைத் தின்னும் நட்சத்திர மீன்களை அகற்றியபோது, மட்டிகள் இடத்தைப் பிடித்துக்கொள்ள, 15 இனங்கள் 8 ஆகக் குறைந்ததை 1966இல் அவர் வெளியிட்டார்.

ஒளிந்துகொள்ள இடமோ நேரமோ இருப்பதுதான் இன்னும் உறுதியான காரணம் என்று கருதுகிறேன். பகலிலும் திறந்த வெளியில் திரிந்த நரிகள் மடிந்த அதே தீவில், இரவில் மட்டும் நடமாடும் புள்ளி ஸ்கங்குகள் என்ற சிறு ஊனுண்ணிகள் கழுகுகளிடம் அவ்வளவாகச் சிக்கவில்லை; நரிகளின் போட்டியும் விலகியதால் அவற்றின் எண்ணிக்கை அந்த ஆண்டுகளில் கூடவே செய்தது.