பெரட்டு இருட்டு அப்படியே வரவேண்டும்

பெரியப்பா வரைந்த ஓவியத்தை ஓர் இணையப் போட்டிக்கு அனுப்பி முடித்தோம். முதல் சுற்றில் நடுவர்கள் கேன்வாஸைப் பார்க்கப் போவதில்லை; நாம் அனுப்பும் புகைப்படத்தைத்தான் பார்ப்பார்கள். அவர் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துத் தீட்டிய வண்ணம் கைப்பேசியில் மாறிப்போனால் அது வேறு யாரோ வரைந்த படம் ஆகிவிடும். அதனால் படமெடுக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட். ஓவியம், ரப்பர் தோட்டத்துப் பெரட்டு; வேலைக்குப் போகுமுன் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. விடியாத இருட்டில் ஆட்கள் வரிசையில் நிற்க, பெயர் கூப்பிடுகிறார்கள். சிலர் நெற்றியில் விளக்கு எரிகிறது. குளிர்ந்த நேரத்தில்தான் ரப்பர் பால் நன்றாக இறங்கும். அதனால் பால்மரம் வெட்டுகிறவர்களின் நாள் இருட்டிலேயே தொடங்கிவிடும். பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. ஆனால் எங்களைச் சுற்றி இப்போது பெரும்பாலும் செம்பனைதான், அதாவது எண்ணெய்ப்பனை. பெரட்டைக் கண்ணால் பார்க்காத நடுவருக்கு அந்த இருட்டு எப்படி இருந்தது என்று இந்தப் படம்தான் சொல்ல வேண்டும்.

முக்கால்வாசி கருநீலம், எண்ணெய் வண்ணம், மேலே வார்னிஷ் வேறு. படமெடுக்க இதுதான் ரொம்பக் கஷ்டமான வகை. வெளிர் நிறத்தில் தெரியாத பளபளப்பு இருட்டு நிறத்தில் அப்படியே வெள்ளையாகத் தெரியும்.

முதலில் வெளிச்சம். நேர் வெயில் கூடாது, ஃபிளாஷ் கூடவே கூடாது. வீட்டுக்குள் டியூப் லைட்டும் ஜன்னல் வெளிச்சமும் சேர்ந்தால் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறம். மேகம் மூடிய காலையில், கார் நிறுத்தும் கூரைக்கு அடியில், இரண்டு பக்கமும் திறந்த இடத்தில் சுவரோடு ஓவியத்தை நிறுத்தினோம். மத்தியானம் தாண்டினால் எங்கள் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வரும், அதனால் காலையிலேயே ஆரம்பித்துவிட்டோம்.

அங்கே ஒரு விஷயம் தெரிந்தது. பக்கத்து வீட்டு மாமரத்தின் பச்சை படத்தின் இடது ஓரத்தில் ஏறியிருந்தது. கீழே சிவப்புத் தரை, அதன் சாயல் அடிப்பகுதியில். நம் கண் இதைச் சரிசெய்து பார்த்துவிடும், கேமரா பார்க்காது. தரையில் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போட்டு, மரத்துப் பக்கம் இன்னொரு வெள்ளைத் துணியைக் கட்டினோம். பெரியப்பாவின் சிவப்புச் சட்டை கூட நீலத்தில் தெரிந்தது. “பெரியப்பா, கொஞ்சம் அந்தப் பக்கம் போய் நில்லுங்க” என்றேன். “என் படத்துகிட்ட நானே நிக்கக் கூடாதா ஐயா?” என்றவர், உள்ளே போய்க் கறுப்புச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

பளபளப்புக்கு மருந்து கறுப்புத் துணி. ஓவியத்துக்கு எதிரே, கேமரா பக்கம் இருக்கும் வெளிச்சமான எதுவும் வார்னிஷில் கண்ணாடி போலத் தெரியும். ஓவியத்தைவிட இரு மடங்கு அகலமும் உயரமும் உள்ள கறுப்புத் துணியைக் கேமரா இருக்கும் இடத்தில் தொங்கவிட்டு, நடுவில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டால் அந்த வெண்மை மறைந்துவிடும். வெளிச்சம் இரு பக்கத்திலிருந்து மட்டும் வரும்.

கோணலுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஓவியத்தின் நடுவில் ஒரு சின்ன முகக்கண்ணாடியைத் தட்டையாகப் பிடிக்கச் சொல்லுங்கள். திரையில், அந்தக் கண்ணாடியின் நடுவே உங்கள் லென்ஸே தெரிந்தால் கேமரா நேராக இருக்கிறது. நான்கு மூலையையும் கண்ணால் அளந்து கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல். கிட்டே நின்று எடுத்தால் ஓரங்கள் பிதுங்கும்; தள்ளி நின்று இரண்டு மடங்கு லென்ஸில் எடுத்தோம். முக்காலி ஸ்டாண்டு, இரண்டு விநாடி டைமர், அவ்வளவுதான்.

அப்புறம் கைப்பேசியோடு ஒரு போராட்டம். இருட்டைக் கண்டால் அது தானாகவே வெளிச்சமாக்கிவிடும். பெரட்டு, விடிந்த பிறகு நடப்பது போல் ஆகிவிட்டது. தானியங்கி அழகூட்டலை அணைத்து, திரையைத் தொட்டு வெளிச்ச அளவைக் கீழே இழுத்தேன். ஓரத்தில் வெள்ளைத் தாள் வைத்து ஒரு படம் எடுத்து, அந்தத் தாள் வெள்ளையாகத் தெரியும்வரை நிறத்தைச் சரிசெய்து, அதே அளவைக் கடைசிப் படத்துக்கும் போட்டேன். அழகுக்காக ஒன்றும் சேர்க்கவில்லை. கேன்வாஸைப் பக்கத்தில் வைத்து, பெரியப்பா விளக்குகளின் மஞ்சளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் “சரி” சொன்ன பிறகுதான் ஓரத்தை வெட்டினேன்.

போட்டிக்காரர்கள் கேட்டது ஜேபெக் கோப்பு, நீளப் பக்கத்தில் இத்தனை பிக்சல், சட்டம் தெரியக் கூடாது. ஐஃபோனில் எடுப்பவர்கள் கோப்பு வகையைப் பாருங்கள், அது பெரும்பாலும் ஜேபெக்காக இருக்காது. மடிக்கணினிக்கு மாற்றும்போது வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்ப வேண்டும். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) என்ற எண்ணை நினைத்துக் கவலைப்பட வேண்டாம், அது அச்சுக்குத்தான். திரையில் பிக்சல்தான் கணக்கு.

அடுத்து பெரியப்பாவின் நீர்வண்ணப் படம் ஒன்று இருக்கிறது. அது கண்ணாடிச் சட்டத்துக்குள் இருப்பதால் முதலில் அதைக் கழற்றியாக வேண்டும்.