தடைக்காலமும் தம்பியின் கல்லூரிச் சேர்க்கையும்

பாம்பன் பக்கம் விசைப்படகில் போகிறவர்கள் வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால், ஏப்ரல் 15-ஐக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில்தான். வருமானம் இல்லை. அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் வந்தால் கடைப் பாக்கிக்குச் சரியாகப் போகும். ஆனால் அந்த இரண்டு மாதமும் அப்பா வீட்டில் இருப்பார். ரிசல்ட், விண்ணப்பம், சான்றிதழ் எல்லாம் வருவதும் அதே இரண்டு மாதத்தில்தான். 2025-இல் என் தம்பியின் சேர்க்கை வேலைகளை நான்தான் கூடவே இருந்து பார்த்தேன். அதில் தெரிந்துகொண்டதை அடுத்து வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அப்பா வீட்டில் இருப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஓடிபி. வருமானச் சான்றை அப்பா பெயரில்தான் எடுத்தோம். இ-சேவை மையத்தில் பதிவு செய்யும்போது அவர் போனுக்குத்தான் எண் வரும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண் "நம்பர் சொல்லுங்க" என்று கேட்கும்போது அந்தப் போன் கடலில் இருந்தால், அன்றைய வேலை அவ்வளவுதான். கிராம நிர்வாக அலுவலரும் சில நேரம் குடும்பத் தலைவரை நேரில் கேட்பார். தடைக்காலம் முடிந்துவிட்டால் அப்பாவுக்குக் கடலுக்கான அனுமதி டோக்கன் போடுவது, ஐஸ் ஏற்றுவது, கடலுக்குப் போவது என்று வாரம் ஓடிவிடும். அதனால் ரிசல்டுக்குக் காத்திருக்காமல் ஏப்ரல் மூன்றாம் வாரமே இ-சேவைக்குப் போய்விட்டோம். ஒரு சான்றுக்கு 60 ரூபாய். விண்ணப்பம் அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மேலே போய் வர நாளாகும். மே மாதம் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் விண்ணப்பித்தால் இன்னும் நாளாகும்.

போகும் முன் வீட்டிலேயே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் சீட், ஆதார், ரேஷன் கார்டு மூன்றையும் பாயில் பரப்பி வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தம்பிக்கு மார்க் சீட்டில் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருந்தது. ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருந்தது. ஆதாரைத் திருத்தி, மார்க் சீட்டில் உள்ளபடி மாற்றினோம். நம் பக்கம் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்று என்று இருக்கும். ஆதார் எடுக்கும்போது வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார்கள். அதைச் சரிசெய்ய ஏப்ரல் போதும், ஜூலை போதாது.

முதல் பட்டதாரிச் சான்று தம்பிக்குக் கிடைக்காது. நான் சேதுபதி அரசு கலைக் கல்லூரியில் பட்டம் முடித்துவிட்டேன். அந்தச் சலுகை குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கிறவருக்கு மட்டும்தான். அக்கா படித்ததால் தம்பிக்கு நஷ்டமா என்று அம்மா வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தைப் போக்கியது 7.5 சதவீத ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 2021 முதலும் இது இருக்கிறது. இதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. முதல் பட்டதாரிச் சலுகையைவிட இது எவ்வளவோ பெரியது.

இதில் நம் கடற்கரைக்கு ஒரு சிக்கல் உண்டு. நம் பிள்ளைகளில் பலர் படிப்பது கிறிஸ்தவ சபைகள் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளிகளில். அரசு உதவி பெறும் பள்ளி அரசுப் பள்ளி ஆகாது, 7.5-இல் சேராது. இடையில் ஒரு வருடம் அங்கே படித்திருந்தாலும் போச்சு. ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கு இதை இப்போதே யாராவது சொல்ல வேண்டும். பிளஸ் டூ முடிந்து தெரிந்து என்ன பயன்? தம்பி எட்டாம் வகுப்பு வரை ஓர் அரசுப் பள்ளி, அப்புறம் வேறோர் அரசுப் பள்ளி. இரண்டிலும் படிப்புச் சான்று வாங்கினோம். மே மாதம் பள்ளி பூட்டியிருக்கும் என்று பயப்பட வேண்டாம். அலுவலகத்தில் ஆள் இருப்பார்கள்.

ரிசல்ட் மே 8-ஆம் தேதி வந்தது. அன்று மாலையிலிருந்தே தனியார் கல்லூரிக்காரர்களிடமிருந்து போன் வரத் தொடங்கிவிட்டது. எங்கள் நம்பர் அவர்களுக்கு எப்படித்தான் கிடைத்ததோ. வெளியூர்த் தனியார் கல்லூரி ஒன்றிலிருந்து ஆளே வீட்டுக்கு வந்தார். அசல் மார்க் சீட்டும் கொஞ்சம் முன்பணமும் கொடுத்தால் சீட்டைப் பிடித்து வைக்கிறோம், கவுன்சலிங்குக்கு அலைய வேண்டாம் என்றார். வீட்டில் காசே இல்லாத மாதத்தில் அம்மா தோட்டைக் கழற்றத் தயாராகிவிட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எந்தக் கல்லூரியும் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-லேயே சொல்லியிருக்கிறது. அசல் கைவிட்டுப் போனால் வேறு எங்கே இடம் கிடைத்தாலும் போக முடியாது. தடைக்காலத்தில் நம் கை எப்படி இருக்கும் என்று தெரிந்தே இப்படி வருகிறார்கள். அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

உண்மையான சண்டை வீட்டுக்குள்தான். தம்பிக்குக் கடலும் படகு எஞ்சினும் உயிர். அப்பாவோ, கடல் என்ற பேச்சே வேண்டாம் என்றார். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, இலங்கைச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அவருடைய பயம் நியாயம்தான். ஆனால் கடல் சார்ந்த படிப்பு என்றால் திரும்பவும் வலைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொன்னோம்.

மத்திய அரசின் மீன்பிடிக் கப்பல் பயிற்சி நிறுவனமான சிஃப்நெட் கொச்சியில் இருக்கிறது. சென்னை ராயபுரத்திலும் விசாகப்பட்டினத்திலும் கிளைகள் உண்டு. அங்கே கப்பல் செலுத்துவதற்கு வெசல் நேவிகேட்டர், கப்பல் எஞ்சின் வேலைக்கு மரைன் ஃபிட்டர் என்று இரண்டு ஆண்டுப் பயிற்சிகள். பத்தாம் வகுப்பு போதும், நுழைவுத் தேர்வு உண்டு, வயது வரம்பும் உண்டு. பிளஸ் டூவில் மார்க் குறைந்துவிட்டது என்று பையனை நேரே படகில் ஏற்றிவிடுகிற வீடுகள் இதை ஒருமுறை விசாரிக்க வேண்டும். அடுத்தது பி.எஃப்.எஸ்சி. நான்கு ஆண்டு மீன்வளப் பட்டம். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் தூத்துக்குடி, பொன்னேரி முதலிய இடங்களில் கல்லூரிகள் உள்ளன. தூத்துக்குடிக் கல்லூரி 1977-இலிருந்து நடக்கிறது. பிளஸ் டூவில் உயிரியல் படித்திருக்க வேண்டும். மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. மண்டபத்தில் இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தை அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். "அங்க இருக்கிற சார்மாரெல்லாம் இந்தப் படிப்பா?" என்று கேட்டார். அப்படிப் படித்தவர்களும் இருக்கிறார்கள் என்றோம். அதற்கப்புறம் அவரே மீனவர் நல வாரிய அட்டையையும் சங்க அட்டையையும் எடுத்துக்கொண்டு மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு வந்தார்.

அதற்காக ஒன்றையே நம்பியிருக்கவில்லை. பொறியியலுக்கும் போட்டோம், பக்கத்தில் ராமேஸ்வரத்தில் இருக்கிற அரசு கலை அறிவியல் கல்லூரிக்கும் போட்டோம். கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்கு 50 ரூபாய்தான். பொறியியலுக்குப் பதிவுக் கட்டணம் 500, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 250. எல்லாவற்றுக்கும் தம்பியின் சொந்த நம்பரையும் அவனே திறந்த மெயிலையும் கொடுத்தோம். பிரவுசிங் சென்டர்காரர் அவசரத்துக்குத் தன்னுடைய மெயிலைப் போடுவார். அதை அனுமதிக்கக் கூடாது. பாஸ்வேர்டு நம் நோட்டில் இருக்க வேண்டும்.

பொறியியல் தரவரிசை ஜூன் 27 வந்தது. கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியல் போடுவதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த மார்க்குக்கு இதெல்லாம் வராது என்று நல்ல கல்லூரிகளைக் கீழே தள்ளுகிறார்கள். அது தேவையே இல்லை. நம் முறை வரும்போது பட்டியலில் மேலிருந்து பார்த்து, காலியாக இருக்கிற முதல் இடத்தைத்தான் கம்ப்யூட்டர் தரும். மேலே எத்தனை பெரிய கல்லூரியைப் போட்டாலும் கீழே இருப்பது பறிபோகாது. ஆசைப்படுகிற வரிசையிலேயே போடுங்கள். முந்தைய ஆண்டு கட்-ஆஃப், அதாவது கடைசியாக இடம் கிடைத்த மார்க், அதே இணையதளத்தில் சாதிப்பிரிவு வாரியாக இருக்கிறது. எதுவரை போட வேண்டும் என்று அதைப் பார்த்து முடிவு செய்யலாம். கல்லூரி ஒதுக்கப்பட்டதும் இரண்டு மூன்று நாளுக்குள் பதில் சொல்லிவிட வேண்டும். சேர்கிறேன் என்றும் சொல்லலாம், ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்கும் காத்திருக்கலாம். பேசாமல் இருந்துவிட்டால் கிடைத்ததும் போய்விடும்.

தம்பிக்கு ராமநாதபுரத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி கிடைத்தது, 7.5-இல். சேர்ந்தான். பிறகு மீன்வளக் கவுன்சலிங்கில், அதுவும் 7.5-இல், தூத்துக்குடி வந்தது. கடிதம் எழுதிக் கொடுத்து அசல் சான்றிதழ்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு மாறினோம். டி.சி. முதற்கொண்டு எல்லாவற்றையும் முன்பே ஸ்கேன் எடுத்து, ஐந்தாறு ஜெராக்ஸும் போட்டு வைத்திருந்ததால் இடையில் எதுவும் நிற்கவில்லை.

சேர்ந்ததோடு விட்டுவிடாமல் கல்லூரி அலுவலகத்தில் தமிழ்ப் புதல்வன் திட்டத்தைக் கேளுங்கள். பெண் பிள்ளை என்றால் புதுமைப் பெண். மாதம் 1,000 ரூபாய். இதில் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் சேர்வார்கள், ஐடிஐ, பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கும் உண்டு. வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். தம்பியின் கணக்கைப் பள்ளியில் படிக்கும்போது திறந்தது, அதில் அப்பாவின் நம்பர்தான் இருந்தது. அதையும் ஜூன் 14-க்கு முன்பே, அப்பாவைக் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போய் மாற்றிவிட்டோம்.